பட்டுக்கூடும் கம்பளிமயிரும்

பட்டுத்தறியில் அமர்வோர்க்குப் பட்டுப்புழு சோறிடும் புழு. மானாவாரிக் கொல்லையில் வேர்க்கடலை விதைக்கும் அங்கத்தினரோ சிவப்புக் கம்பளிப்புழுவின் பெயரைச் சொல்லவும் விரும்பார். இரண்டும் அந்துப்பூச்சிகளின் இளம்பருவமே. பகைவரிடமிருந்து இவை தம்மைக் காத்துக்கொள்ளும் விதத்தை அறிவது கொல்லைக்காரருக்கு மிகவும் பயன்படும்.

பட்டுப்புழுவுக்குக் காவல் அதன் கூடு ஒன்றே. தழை தின்பதை நிறுத்தியதும், ஏறக்குறைய 1,000 மீட்டர் வரை நீளும் அறுபடாத ஒரே இழையைத் தன்னைச் சுற்றி நூற்று, பசையால் ஒட்டி, உள்ளே கூட்டுப்புழுவாகின்றது. எறும்புக்கும் பறவைக்கும் அஞ்சி அது எழுப்பிய மதிலைப் பிரித்தே நாம் சேலை நெய்கின்றோம்! சீனத்தில் தொடங்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் வளர்த்து வந்தமையால், ஏனைய காவல்களை அது இழந்துவிட்டது. காட்டிலுள்ள அதன் மூதாதை மண்ணிறமுடையது, பறக்க வல்லது. வீட்டுப்பூச்சியோ வெளுத்துப் போய், சிறகிருந்தும் பறக்கமாட்டாது. கூடு கட்டுமுன் வரும் பகையை எதிர்க்க அதனிடம் ஒன்றுமில்லை. 1980இல் மேற்கு வங்கத்திலிருந்து கர்நாடகத்தில் புகுந்த ஊசி ஈ, புழுவின் உடல்மீதே முட்டையிடுகின்றது. ஈயின் புழு கூட்டைத் துளைத்து வெளியேறினால் இழை அறுந்து கூடு வீணாகும். ஆகவே வளர்ப்பு மனைக்கு வலை கட்டிக் காப்பது மனிதன் வேலையாயிற்று.

கம்பளிப்புழுவுக்கு எவரும் வலை கட்ட வேண்டுவதில்லை. வளர்ந்த புழுவின் மேனியில் நீண்ட செம்மயிர் அடர்ந்திருப்பதால், குயிலினம் போன்ற சில ஒழிய, பறவைகள் பெரும்பாலும் அதைத் தீண்டா. ஆயினும் மயிரினும் வலிய காவல் மண்ணே. புழு ஒரு சாண் ஆழம் வரை மண்ணுள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த ஆண்டு மழை வரை அங்கேயே உறங்கும். நல்ல மழை பெய்ததும் அந்துகள் திரள்திரளாக வெளிவரும். வௌவால் தின்றது போக மிஞ்சுபவையே கொல்லையை அழிக்கப் போதும். ஒரு பெண் அந்து நூற்றுக்கணக்கில் முட்டையிடும்.

எனினும் இக்கோட்டைக்கும் வாயில்கள் உண்டு. கோடையுழவு செய்தால் கூட்டுப்புழுக்கள் வெளிப்பட்டு, மயிரின் துணையின்றிக் காகத்துக்கும் மைனாவுக்கும் இரையாகும். மழைக்குப் பின் முன்னிரவில் விளக்குப்பொறி வைத்தால் அந்துகள் வந்து விழும். இளம்புழுக்கள் இலையடியில் கூட்டமாக இருக்கையிலேயே இலையோடு கிள்ளி அழித்துவிடலாம். மயிர் முற்றிய பின்னர், ஓரடி ஆழத்தில் செங்குத்தாக அகழி வெட்டித் தடுப்பதன்றி எளிய வழியில்லை.

ஒருவர் உழுது, அடுத்தவர் தரிசாக விட்டால் பயன் அரை குறையே. புழுக்கள் கொல்லைவிட்டுக் கொல்லை படையெடுக்கும். திருத்தணிக்கும் நகரிக்கும் இடையிலுள்ள மாநில எல்லைக்கல்லையும் அவை படிப்பதில்லை. ஆதலின் உழவுக்கும் விளக்குக்கும் உரிய ஏற்பாட்டைச் சங்கக் கூட்டத்தில் சித்திரையிலேயே பேசி முடிக்க வேண்டும். முதல் மழைக்குப் பின் கூடினால் பூச்சி நம்மை முந்திவிடும்.