ஓர் இடுப்புத்துணி, ஓர் ஆசிரியர் வேலை

காசு கொடுத்துத் தன் உருவப்படத்தை வரையச் சொல்பவர் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: படம், நேரில் இருப்பதைவிடக் கொஞ்சம் நன்றாக இருக்க வேண்டும். அமெரிக்க ஓவியர் தாமஸ் ஏக்கின்ஸிடம் அது மட்டும் நடக்காது. ஏன் என்பது அவர் பாடம் நடத்திய விதத்தைச் சொன்னால் விளங்கிவிடும். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

1844-இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். அப்பா அழகெழுத்து ஆசான். பாரிஸில் ஓவியர் ஜெரோமிடம் பயின்று, ஸ்பெயினுக்குப் போய் அந்நாட்டுப் பழைய ஓவியர் வெலாஸ்கஸின் படங்களின் முன்னால் நின்றுவிட்டு, 1870-இல் ஊர் திரும்பினார். இதெல்லாம் அன்றைய ஓவியர் பலரும் செய்ததுதான். மருத்துவக் கல்லூரிக்குப் போய் உடற்கூறியல் படித்தார் பாருங்கள், அதுதான் அபூர்வம்.

1876-இல் பென்சில்வேனியா கலைக் கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். அப்போதைய ஓவியப் பள்ளிகளில் மாணவர்கள் பழைய கிரேக்கச் சிலைகளின் சுதை வார்ப்புகளைப் பார்த்துக் கரித்துண்டால் நெடுநாள் வரைந்துகொண்டிருப்பார்கள். ஏக்கின்ஸுக்கு அது பிடிக்கவில்லை. சிலையே ஒருவர் பார்த்துச் செய்த நகல். அதற்கு இன்னொரு நகல் எதற்கு? ஆளை நிறுத்தி, மாணவர் கையில் தூரிகையைக் கொடுத்துவிடுவார். உடம்பைச் சுற்றிக் கோடு எதுவும் ஓடவில்லை, வெளிச்சமும் கனமும்தான் இருக்கின்றன என்பது அவர் கட்சி. கூடவே பிணத்தை அறுத்துப் பார்க்கும் பாடமும் உண்டு. கை மடங்கும்போது எந்தத் தசை எந்த எலும்பில் தொடங்கிப் புடைக்கிறது என்று தெரிந்தவருக்கு, மேலே சட்டைக் கை இருந்தாலும் மடிப்புத் தப்பாது.

1882-இல் அந்தக் கழகத்துப் பள்ளியின் இயக்குநரானார். 1886-இல் பெண்களும் இருந்த வகுப்பில் இடுப்புத் தசையை விளக்க வேண்டியிருந்தது. எதிரே நின்ற ஆண் மாடலின் இடுப்புத்துணியை அகற்றிவிட்டார். ஊர் கொதித்தது, பதவி விலக வைத்தார்கள். துணி ஒரு சாக்கு என்றே நினைக்கிறேன். நயமாகப் பேசத் தெரியாத மனிதர், அவர்மேல் வேறு புகார்களும் இருந்தன. ஆனாலும் மாணவர்களில் ஒரு பகுதியினர் அவருக்காக வெளியேறித் தனிச் சங்கம் வைத்தார்கள். அங்கே சம்பளமில்லாமல் கற்பித்தார்.

படங்களிலும் இதே பிடிவாதம்தான். 1875-இல் அறுவை மருத்துவர் சாமுவேல் கிராஸை வரைந்தார். தொடையைக் கீறி, அழுகிய எலும்பை எடுக்கும் நேரம். விரலிலும் கத்தியிலும் ரத்தம். பக்கத்தில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொள்கிறாள். மருத்துவர்கள் அணிந்திருப்பது கறுப்புக் கோட்டு. 1889-இல் அக்னியூ என்ற மருத்துவரின் அறுவைக் கூடத்தை வரைந்தபோது எல்லோரும் வெள்ளை அங்கிக்கு மாறியிருந்தார்கள். கிருமி பற்றிய அறிவு நடுவே வந்து சேர்ந்ததை இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தாலே பார்க்கலாம். 1876-இல் நடந்த அமெரிக்க விடுதலை நூற்றாண்டுக் கண்காட்சியின் கலைக்கூடத்தில் கிராஸ் படத்துக்கு இடமில்லை என்றார்கள். அங்கே ராணுவ மருத்துவமனைப் பிரிவில்தான் அதைத் தொங்கவிட முடிந்தது. பிறகு 200 டாலருக்குப் போனது. 2006-இல் அதே படத்துக்கு 6.8 கோடி டாலர் விலை வந்தது. ஊரைவிட்டுப் போகக் கூடாதென்று பிலடெல்பியாக்காரர்கள் நிதி திரட்டி வாங்கினார்கள்.

பிற்காலத்தில் அவர் வரைந்த முகங்கள் பெரும்பாலும் நண்பர்கள், மாணவர்கள், இசைக்கலைஞர்கள். தானே கேட்டு உட்கார வைத்து வரைந்தவைதான் அதிகம். அயர்ந்த கண், நரம்போடிய புறங்கை, எங்கோ போய்விட்ட நினைப்பு. உட்கார்ந்தவர்களில் சிலர் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை. கவிஞர் வால்ட் விட்மனுக்குத் தன் படம் பிடித்திருந்தது, அவர் விதிவிலக்கு.

1916-இல் ஏக்கின்ஸ் இறந்தார், ஆனால் அவர் பாடம் நின்றுவிடவில்லை. 1886-இல் அவருக்கு எதிராக நின்றவர்களில் அவருடைய மாணவர் தாமஸ் அன்ஷுட்ஸும் ஒருவர். அதே பள்ளியில் தொடர்ந்து கற்பித்தவரும் அவர்தான், ஆசிரியரின் உடற்கூறு பாடம் உட்பட. அவரிடம் ஓவியர் ராபர்ட் ஹென்றி படித்தார். ஹென்றியிடம் நியூயார்க்கில் ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் படித்தார்.