பூட்டிய ஆபீசில் பேசிய டெலிபோன்! 2 நாளில் ரூ.1 கோடி பில்

ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. உள்ளே ஈ, காக்கா இல்லை. ஆனால் டெலிபோன் மட்டும் விடாமல் பேசிக்கொண்டே இருந்தது. பில் எவ்வளவு தெரியுமா? 1 லட்சத்து 66 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 1 கோடி ரூபாய்!

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் நார்கிராஸ் நகரில் 2014 மார்ச் மாதம் நடந்தது இது. 7 பேர் மட்டுமே வேலை பார்க்கும் கட்டிட வரைபட நிறுவனம். வார விடுமுறையில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து மர்ம ஆசாமிகள் ஆபீஸ் டெலிபோன் இணைப்புக்குள் புகுந்து, காம்பியா, சோமாலியா, மாலத்தீவு என்று சரமாரியாகப் போன் போட்டுத் தள்ளிவிட்டனர். அந்த நிறுவனம் தானாகப் பேசி இவ்வளவு பில் வரவேண்டுமானால் 34 வருஷம் ஆகியிருக்குமாம்!

பேசி என்ன லாபம்?

அங்கேதான் சூட்சுமம். கட்டணம் அதிகமுள்ள நம்பர்களை மோசடிக் கும்பலே வாடகைக்கு எடுத்து வைத்திருக்கும். அந்த நம்பருக்கு வரும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கும்பலுக்குப் பங்கு. ஊரார் போனில் நுழைந்து, கம்ப்யூட்டர் மூலம் தன் நம்பருக்கே ஒரே சமயத்தில் பல கால் போடும். பணம் அவன் பைக்கு. பில் முதலாளி தலையில்!

அரசாங்கமும் தப்பவில்லை. 2008 ஆகஸ்டில் அமெரிக்க பேரிடர் நிவாரணத் துறையின் டெலிபோனில், வாய்ஸ் மெயில் வழியாகப் புகுந்து 400-க்கும் மேற்பட்ட கால்கள் போட்டார்கள். பில் சுமார் 12 ஆயிரம் டாலர்.

ஓட்டை எங்கே?

எக்ஸ்டென்ஷன்களை இணைக்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி சென்னையிலும் ஆபீஸ், லாட்ஜ், ஆஸ்பத்திரி என்று பல இடத்தில் இருக்கிறது. பெட்டியை மாட்டும்போது, "எல்லா போனிலும் எல்லாம் பேசற மாதிரி பண்ணிடுப்பா" என்று சொல்வதுதான் வினை. வாட்ச்மேன் மேஜை போனுக்கு ஐ.எஸ்.டி. எதற்கு?

ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் தனித்தனி அனுமதி கொடுக்க பெட்டியிலேயே வசதி உண்டு. செய்ய வேண்டியது இதுதான்:

* வரவேற்பறை, கேன்டீன் போன்களுக்கு ஆபீசுக்குள் பேச மட்டும் அனுமதி. மற்றவர்களுக்கு வேலைக்கு ஏற்ப உள்ளூர் அல்லது எஸ்.டி.டி.

* ஐ.எஸ்.டி. தேவைப்படும் ஒன்றிரண்டு பேருக்கு மட்டும். அதுவும் ரகசிய எண் போட்டால்தான் லைன். ராத்திரியிலும் லீவு நாளிலும் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

* வெளியிலிருந்து ஆபீசுக்குப் போன் போட்டு, அங்கிருந்து வேறு ஊர் லைன் பிடிக்கும் வசதி தேவையில்லையா? உடனே நிறுத்துங்கள். வெளி நம்பருக்குத் திருப்பிவிடும் வசதிக்கும் கட்டுப்பாடு வேண்டும்.

* வாய்ஸ் மெயிலுக்கு 0000, 1234 என்று எண் வைக்காதீர்கள். திருடன் முதலில் அழுத்திப் பார்ப்பது அதைத்தான். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

* வேலையை விட்டுப் போனவரின் எக்ஸ்டென்ஷன், ரகசிய எண் இரண்டையும் அன்றைக்கே ரத்து செய்யுங்கள்.

வெளிநாட்டுப் பேச்சே இல்லாத ஆபீஸ் என்றால், டெலிபோன் கம்பெனியிடமே ஐ.எஸ்.டி.யை அடைத்துவிடச் சொல்வது உத்தமம்.

"ராத்திரியில யார் சார் பேசப் போறாங்க?" என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். புகுந்தவன் எவனாக இருந்தாலும், உங்கள் லைனில் போன காலுக்குப் பில் உங்கள் பேரில்தான் வரும். இந்த சனிக்கிழமை ஆபீசைப் பூட்டும்போது போனையும் பூட்டிவிட்டுப் போங்கள்!