இடிந்த வீடும் எழும் வீடும்

நான் பிறந்த வீட்டை இடித்த நாளில் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு தலைமுறைக்கு நிழல் தந்த வீடு அது. இடிக்கத் தொடங்குமுன்பே தேக்கு உத்திரங்களுக்கு ஒருவர் விலை பேசிவிட்டார். கதவுகளும் நிலைகளும் வண்டியேறின. ஓட்டை இன்னொருவர் எண்ணி வாங்கிச் சென்றார். முழுச் செங்கற்களுக்கும் ஆள் இருந்தது. கடைசியில் மிஞ்சியவை உடைந்த செங்கல், காரைக் கட்டி, பிற்காலத்தில் என் தந்தையார் போட்ட கான்கிரீட் தளத்தின் பாளங்கள் ஆகியவையே. அவற்றுக்கு விலை இல்லை. அள்ளிக்கொண்டு போக நாமே பணம் கொடுக்கவேண்டும். "எங்கே கொட்டுவீர்கள்?" என்று லாரிக்காரரைக் கேட்டேன். "அதுதான் ஏரி இருக்கிறதே, ஐயா" என்றார் அவர், சற்றும் தயங்காமல்.

அதே லாரி மறுநாள் புது வீட்டுக்காகக் குன்றை உடைத்தெடுத்த கருங்கல் ஜல்லியை ஏற்றிக்கொண்டு வரவேண்டும் என்பது ஏற்பாடு. போகும்போது கல்லைச் சுமந்து ஏரியைத் தூர்ப்பதும், வரும்போது கல்லைச் சுமந்து குன்றைக் குறைப்பதுமாகிய இந்தப் பயணத்தைப் பற்றித்தான் உங்களுடன் சிறிது பேச விரும்புகிறேன்.

கான்கிரீட் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது சிமெண்டு. ஆனால் ஒரு கான்கிரீட் பாளத்தின் கன அளவில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஜல்லியும் மணலுமே. சிமெண்டும் நீரும் கூடிப் பசையாகி, இறுகி, அவற்றைப் பிணைக்கின்றன. எலும்பு கல், தசை சிமெண்டு என்று வைத்துக்கொள்ளலாம். பழைய கட்டடம் இடியும்போது உள்ளே இருக்கும் எலும்பு அழிந்துபோவதில்லை. அதை மறுபடியும் பயன்படுத்தினால் என்ன?

இந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. பழைய மெட்ராஸ் தளத்தின்மேல் மழைநீர் இறங்காமல் காக்க என்ன போட்டார்கள்? உடைந்த செங்கல்லைச் சிறு ஜல்லியாகத் தட்டி, சுண்ணாம்புடன் கலந்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கினார்கள். செங்கல்லை மாவாக்கிச் சுண்ணாம்புடன் சேர்த்த சுர்க்கிக் காரையும் நாம் அறிந்ததே. 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவை இருக்கிறது. சுட்ட களிமண் தூள் சுண்ணாம்புடன் வேதியியல் முறையிலேயே கூடி நீரிலும் கரையாத பொருளாகிறது என்பதுதான் இதன் சூட்சுமம்.

ஆயினும், ஒரு நாடே தன் இடிபாட்டை எடுத்துத் தன்னைக் கட்டிக்கொள்ளவேண்டி நேர்ந்தது ஜெர்மனியில். 1945-ல் போர் முடிந்தபோது அந்நாட்டு நகரங்களில் சுமார் 40 கோடி கன மீட்டர் இடிபாடு குவிந்து கிடந்ததாகக் கணக்கிட்டார்கள். ஆண்களில் பலர் மாண்டிருந்தனர். பலர் சிறையில் இருந்தனர். ஆகவே பெண்கள் வரிசையாக நின்று, கைக்குக் கை செங்கல் மாற்றி, சுத்தியலால் பழைய காரையைத் தட்டி, முழுக் கற்களை அடுக்கி வைத்தார்கள். தெருக்களிலேயே சிறு தண்டவாளம் போட்டு, குட்டி ரயில்களில் இடிபாட்டை இழுத்தார்கள். பிராங்பர்ட் நகரில் இடிபாட்டைப் பயன்பொருளாக்குவதற்கென்றே 1945-ல் ஒரு நிறுவனம் தோன்றியது. உடைந்த செங்கல்லை நொறுக்கி, சல்லடையில் தரம் பிரித்து, சிமெண்டுடன் சேர்த்துக் கட்டடக் கற்களும் சுவர்களும் வார்த்தார்கள். 1951-ல் இச்செங்கல் ஜல்லிக் கான்கிரீட்டுக்குத் தனித் தரவிதியே வெளியாயிற்று. பயன்படாமல் போனதும் ஏராளம். பெர்லினில் அதைக் கொட்டியே ஒரு மலை எழுந்தது; 'டாய்பெல்ஸ்பெர்க்' என்ற பெயருடன் இன்றும் அது மரம் அடர்ந்து நிற்கிறது.

தரவிதி எதற்கு, கல்லை உடைத்துக் கலந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் இளமையில் அப்படித்தான் எண்ணினேன். அதற்குத் தண்டனையும் பெற்றேன்.

வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு கல்லூரியின் சைக்கிள் கொட்டகைக்குத் தளம் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. அருகில் இடித்துப் போட்டிருந்த பழைய கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாக்கினேன். கருங்கல் ஜல்லிக்கு எவ்வளவு நீரோ அவ்வளவே அளந்து ஊற்றச் சொன்னேன். கால்மணி நேரத்தில் கலவை விறைத்துக்கொண்டது. கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிய நேரத்தில் வாளி வாளியாக நீர் சேர்ந்தது. தளம் அழகாகத்தான் அமைந்தது. ஆறே மாதத்தில் மேற்பரப்பு மாவு மாவாக உதிர்ந்து மாணவர்களின் காற்சட்டையெல்லாம் வெளுத்தது. குற்றம் கொத்தனாருடையதன்று, என்னுடையதே.

காரணத்தைப் பின்னர்தான் ஆராய்ந்து தெளிந்தேன். பழைய கான்கிரீட்டை உடைத்தால் தனிக் கல் கிடைப்பதில்லை. கல்லோடு ஒட்டிய பழைய காரையும் சேர்ந்தே வருகிறது. அந்தக் காரை நுண்துளைகள் நிறைந்தது. 100 கிலோ நல்ல கருங்கல் ஜல்லி ஒரு கிலோ நீரைக்கூட உறிஞ்சுவது அரிது. பழைய கான்கிரீட் ஜல்லியோ நான்கு, ஐந்து கிலோ, சிலவேளை அதற்கு மேலும் குடித்துவிடும். செங்கல் ஜல்லியின் தாகம் இன்னும் பெரிது. அது கலவையில் இருந்தே நீரை இழுத்துக்கொள்கிறது. அதைக் கண்டு கண்மூடித்தனமாக நீர் ஊற்றினால், தேவைக்கு மேற்பட்ட நீர் சிமெண்டுப் பசையைத் தளர்த்திவிடுகிறது. பரிகாரம் எளியது: ஜல்லியை முன்னதாகவே நனைத்து அதன் தாகத்தைத் தணித்து, மேலீரம் வடிந்த பிறகு கலக்கவேண்டும். அப்படிச் செய்தாலும் உலரும்போது சுருங்குவதும், பாரத்தில் மெல்ல நெகிழ்வதும் சாதாரணக் கான்கிரீட்டைவிடச் சற்று மிகுதியாகவே இருக்கும்.

இதைவிடப் பெரிய பகை ஒன்று உண்டு, அது ஜிப்சம். சுவர்ப்பூச்சிலும், இக்காலத்துப் பொய்க்கூரைகளிலும் இருக்கும் அந்த வெண்பொருள் இடிபாட்டில் கலந்துவந்தால், அதிலுள்ள சல்பேட்டு சிமெண்டின் அலுமினேட்டுகளோடும் நீரோடும் கூடி ஊசி போன்ற படிகங்களாக வளர்கிறது. கான்கிரீட் இறுகியபின் உள்ளிருந்தபடியே பருத்து அதைப் பிளந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், சிமெண்டு உடனே இறுகிவிடாதிருக்க ஆலையிலேயே சிறிதளவு ஜிப்சம் சேர்க்கிறார்கள்! அளவோடு இருக்கும்வரை அது நண்பன். ஆகவேதான் இடிக்கும் முறையே முக்கியமாகிறது. மரம், கண்ணாடி, பூச்சு, கம்பி ஆகியவற்றை முதலில் பிரித்துவிட்டு, பிறகு கட்டடத்தைத் தகர்க்கவேண்டும். எல்லாம் கலந்தபின் பிரிப்பது அரிசியில் கல் பொறுக்குவதைவிடக் கடினம். பெரிய ஆலைகளில் தாடைபோல் அசையும் இயந்திரம் பாளங்களை மென்று துப்புகிறது; காந்தம் கம்பிகளைப் பொறுக்குகிறது; சல்லடைகள் அளவு பிரிக்கின்றன.

நம் நாட்டில் ஜல்லிக்கான இந்தியத் தரவிதி எண் 383, 2016-ல் திருத்தப்பட்டபோது இதற்கு வழி திறந்தது. பழைய கான்கிரீட்டை உடைத்த ஜல்லியை, கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையிலும், எம்-25 தரத்துக்கு மேற்படாத கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையிலும் சேர்க்க அது இடமளித்தது. எம்-15 தரத்துக்கும் குறைந்த எளிய கான்கிரீட்டிலோ முழுவதுமே அதுவாக இருக்கலாம். செங்கல்லும் காரையும் கலந்த ஜல்லிக்கு இந்தக் கடைசி வகையில் மட்டுமே இடம் உண்டு. இவ்வளவு எச்சரிக்கை ஏன் என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். என் சைக்கிள் கொட்டகையைப் பார்த்திருந்தால் சலித்துக்கொள்ளமாட்டார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இம்முறையால் குன்றும் ஏரியும் ஆற்று மணலும் ஓரளவு தப்பும். ஆனால் சிமெண்டு மிச்சமாகாது. சுண்ணாம்புக்கல்லைச் சுடுகையில் எழும் கரியமிலவாயு அப்படியேதான் எழும். கவனமின்றிக் கலந்து, குறைந்த வலிமையை ஈடுசெய்யக் கூடுதல் சிமெண்டு கொட்டினால், ஒரு கையால் மிச்சப்படுத்தியதை மறு கையால் செலவிட்டவர்களாவோம்.

அன்று லாரியை வெறுமனே திருப்பி அனுப்பினேன். தளத்துப் பாளங்களைத் தனியாகவும் செங்கல்லைத் தனியாகவும் குவிக்கச் செய்தேன். சுண்ணாம்புப் பூச்சையும் மண்ணையும் சலித்து நீக்கினோம். தூண்களுக்கும் உத்திரங்களுக்கும் புதுக் கருங்கல்லே வாங்கினேன். அங்கே துணிய மனம் வரவில்லை. அஸ்திவாரக் குழிகளின் அடியில் இடும் எளிய கான்கிரீட் முழுவதும் பழைய தளமே. செங்கல் ஜல்லி சுண்ணாம்புடன் கூடி மொட்டைமாடிக்கு ஏறியது. முந்தின நாள் மாலையே ஜல்லிக் குவியலை நனைத்து வைத்திருந்தோம். காலையில் சித்தாள் ஒருவர் அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒரு பக்கம் வழுவழுவென்று சிவந்திருந்தது. எங்கள் கூடத்துத் தரையின் செங்காவிப் பூச்சு. அதைத் திரும்ப அவரிடமே கொடுத்தேன். அவர் அதைச் சட்டியில் போட்டுக் குழிக்கு எடுத்துச் சென்றார்.