கருணாபுரத்துக் கண்களும் எக்சோசோமும்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போயிற்று. பழி வழக்கம்போல் கல்வராயன் மலை ஊறல்மீதும் விழுந்தது. ஆனால் வெல்லமும் பட்டையும் ஊறவைத்துக் காய்ச்சினால் வருவது பெரும்பாலும் எத்தனால். கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால், ஆலைகளில் புழங்கும் ரசாயனம்.

மெத்தனாலைவிடக் கொடியது, கல்லீரல் அதை மாற்றித் தரும் ஃபார்மிக் அமிலம். செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியை அது அடைத்துவிடுகிறது. ஓயாமல் ஆற்றல் கேட்கும் பார்வை நரம்பு சீக்கிரமே அடிபடுகிறது. அதன் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

செத்துக்கொண்டிருக்கும் செல்லைக் காப்பாற்ற முடியுமா? எக்சோசோம் பேச்சு இங்கேதான் வருகிறது. செல்கள் வெளியே அனுப்பும், 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புச் சவ்வுப் பொதிகள் இவை. 1983-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழு, செம்மறியாட்டின் முதிராத சிவப்பணுக்கள் தமக்கு இனி வேண்டாத புரதத்தை இப்படி வெளியேற்றுவதைக் கண்டது. வெறும் குப்பைக்கூடை என்றே பலரும் வெகுகாலம் நினைத்தார்கள். 2007-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எலிச் செல்லின் எக்சோசோம்களை மனிதச் செல்களுக்குக் கொடுத்தார்கள். மனிதச் செல்கள் எலிப் புரதம் செய்யத் தொடங்கின! உள்ளே ஆர்.என்.ஏ. இருந்திருக்கிறது.

2017-ல் அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் பென் மீட், ஸ்டானிஸ்லாவ் தொமரெவ் இருவரும் எலிகளின் பார்வை நரம்பை நசுக்கி, எலும்பு மஜ்ஜை மூலச்செல்களின் எக்சோசோம்களைக் கண்ணுக்குள் செலுத்தினார்கள். விழித்திரை நரம்புச் செல்கள் கணிசமாகப் பிழைத்தன. சாதாரண நார்ச்செல்களின் எக்சோசோம்களுக்கு அந்தப் பலன் இல்லை. பொதிக்குள் இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் குறைத்தபோது பலனும் குறைந்தது.

நசுங்கிய எலி நரம்பும் மெத்தனால் குடித்த மனிதக் கண்ணும் ஒன்றல்ல. தவிர, ஒவ்வொரு தொகுதியையும் ஒரே தரத்தில் தயாரிப்பதே பெரும்பாடு. முடி வளரும், முகம் பொலியும் என்று இப்போதே எக்சோசோம் ஊசி விற்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. நெப்ராஸ்காவில் எக்சோசோம் என்று விற்கப்பட்ட, அனுமதி பெறாத தயாரிப்புகளால் பலர் கடுமையாகப் பாதிக்கப்பட, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் எச்சரிக்கை விடுத்தது.

மெத்தனால் குடித்தவருக்கு இன்று உள்ள வழி பழையதுதான்: கல்லீரல் நொதியைத் தடுக்கும் ஃபோமெபிசோல் அல்லது எத்தனால், தேவைப்பட்டால் டயாலிசிஸ். அமிலம் சேருமுன் கொடுக்க வேண்டும். பார்வை மங்குகிறது என்று நோயாளி சொல்லும்போது அது ஏற்கெனவே சேரத் தொடங்கியிருக்கும்.