தொழில் ஆர்வத் தன்மதிப்பீடு

தொழில் ஆர்வத் தன்மதிப்பீடு என்பது, எவ்வகைப் பணிகளில் தமக்கு விருப்பம் உள்ளது என்பதை ஒருவர் வினாநிரல் ஒன்றின் உதவியால் தாமே கண்டறியும் முறையாகும். கல்லூரி மாணவர்கள் மேற்படிப்பையும் பணியையும் தெரிவு செய்ய இது உதவுகிறது. இவ்வினாநிரல்கள் அளப்பது விருப்பத்தையே, திறமையை அல்ல. இந்த வேறுபாட்டை மறந்தால் வழிகாட்ட வேண்டிய கருவியே வழியை அடைத்துவிடக்கூடும்.

வரலாறு

பிராங்க் பார்சன்ஸ் 1908ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொழில் வழிகாட்டல் பணியகம் ஒன்றைத் தொடங்கினார். தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்ற மூன்று படிகளை அவர் வகுத்தார். 1927இல் எட்வர்டு ஸ்ட்ராங் தம் ஆர்வ வினாநிரலை வெளியிட்டார். ஒரு தொழிலில் உள்ளவர்களின் விருப்பு வெறுப்புகளோடு மாணவரின் விருப்பு வெறுப்புகளை அது ஒப்பிட்டது. உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் தம் கோட்பாட்டை முன்வைத்தார். இன்றுள்ள பல கருவிகளுக்கு அதுவே அடிப்படை.

ஆறு வகைகள்

ஹாலண்ட் ஆர்வங்களை ஆறாகப் பகுத்தார்:

- செயல்முறை: கருவிகள், எந்திரங்கள், நிலம், விலங்குகள் சார்ந்த பணிகள்
- ஆய்வு: காரணம் தேடுதல், அறிவியல், கணிதம்
- கலை: எழுத்து, இசை, வடிவமைப்பு
- சமூகம்: கற்பித்தல், பராமரித்தல், ஆலோசனை கூறல்
- முனைவு: விற்பனை, தலைமை, தொழில் நடத்துதல்
- ஒழுங்குமுறை: கணக்கு, பதிவேடு, தரவுகளை முறைப்படுத்தல்

இவை ஓர் அறுகோணத்தின் முனைகளில் இதே வரிசையில் அமைகின்றன. அடுத்தடுத்த வகைகள் தம்முள் நெருக்கமானவை. எதிரெதிரானவை மிகவும் வேறுபட்டவை. சான்றாக, கலைக்கு எதிரே ஒழுங்குமுறை உள்ளது. ஒருவர் ஒரே வகைக்குள் அடங்குவது அரிது என்பதால், அதிக மதிப்பெண் பெற்ற இரண்டு அல்லது மூன்று வகைகளைச் சேர்த்தே அவருடைய குறியீடு உருவாகிறது.

அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் ஆர்வ வினாநிரலை இணையத்தில் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதன் குறும்பதிப்பில் வகைக்கு 10 என 60 வினாக்கள் உள்ளன. சம்பளம், தேவையான கல்வி ஆகியவற்றை எண்ணாமல், அப்பணியைச் செய்யப் பிடிக்குமா என்று மட்டும் நினைத்து விடையளிக்க வேண்டும். பெற்றோர் விரும்புவதைக் குறித்தால் பெற்றோரின் விருப்பமே முடிவாகத் திரும்பி வரும்.

முடிவைப் பயன்படுத்தும் முறை

குறியீடு ஒரு தொழிலைச் சுட்டுவதில்லை. தேட வேண்டிய திசையைச் சுட்டுகிறது. தாவரவியல் பயிலும் ஒருவருக்கு ஆய்வும் கலையும் மேலோங்கினால், ஆய்வுக்கூடப் பணியோடு அறிவியல் ஓவியம், அறிவியல் எழுத்து ஆகியவற்றையும் அவர் கருதிப் பார்க்கலாம். படிப்பை விட்டு விலக வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை.

ஆறு வகைகளிலும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் வந்தால் அதைத் தகுதிக்குறைவாகக் கொள்ளக்கூடாது. பலதுறை ஆர்வமோ, பணிகளைப் பற்றிய அனுபவக் குறைவோ காரணமாக இருக்கலாம். கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவர், தாம் கண்டிராத வேலை பிடிக்குமா என்ற வினாவுக்கு எளிதில் விடை கூற இயலாது. அவருக்கு முதலில் தேவைப்படுவது பணியிடங்களைக் காணும் வாய்ப்பு.

வரம்புகள்

கருவியும் தன் காலத்தின் எண்ணங்களைச் சுமந்தே வருகிறது. ஸ்ட்ராங்கின் வினாநிரல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் படிவங்களாக வழங்கிவந்தது. 1974இல்தான் அவை ஒன்றாக்கப்பட்டன. அதுவரை, பெண்ணுக்கு எந்தத் தொழில்களைக் காட்டுவது என்பதைப் படிவமே ஓரளவு முன்கூட்டித் தீர்மானித்தது.

குடும்பப் பொருளாதாரம், வேலைவாய்ப்பு, உடல்நிலை ஆகியவற்றை ஆர்வ வினாநிரல் கணக்கில் கொள்வதில்லை. எனவே முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தொழிலில் உள்ள ஒருவரிடம் அவருடைய அன்றாட வேலையைக் கேட்டறிதல், குறுகிய காலப் பயிற்சியில் சேர்தல், ஆசிரியரோடு மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பேசுதல் ஆகியவை அவசியம். அனுபவத்தோடு ஆர்வம் மாறக்கூடும் என்பதால், ஓரிரு ஆண்டுகள் கழித்து மீண்டும் மதிப்பிடுவதும் நல்லது. ஒரு துறையில் குறைந்த மதிப்பெண் வந்தது என்பதற்காக மட்டும் எந்த மாணவரையும் அத்துறையிலிருந்து விலக்கக்கூடாது.