நோய் தணிந்தாலும் திறக்காத கதவு: வாடகை வீடும் மனநோயிலிருந்து மீண்டோரும்

வேப்பம்பட்டு ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு தேடி அலைவோர் பலர், புறநகர் ரயிலில் அம்பத்தூருக்கோ ஆவடிக்கோ திருவள்ளூருக்கோ வேலைக்குச் செல்பவர்கள். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பேர் என்று தொடங்கும் வீட்டு உரிமையாளரின் விசாரணை, "நீங்க என்ன ஆளுங்க?" என்பதில் வந்து நிற்கும். அப்படிக் கேட்கக் கூசுபவர், "கறி சமைப்பீங்களா?" என்பார். விடை பிடிக்காவிட்டால், "நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்" என்று கதவை மூடுவார்.

மனநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டவர்களும் இதே கதவின் முன்தான் நிற்கிறார்கள். மாத்திரை அட்டையும் மருத்துவமனைச் சீட்டும் அவர்கள் மறைத்தாக வேண்டியவை ஆகிவிடுகின்றன. மறைப்பதற்காகவே மருந்தை நிறுத்துவோர் உண்டு. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். நோய் திரும்பினால் வீடு பறிபோகும்.

இரட்டைச் சுமை

சாதியும் நோயும் ஒன்றல்ல. நோய் தணியும், சாதி பிறப்போடு ஒட்டப்படுவது. ஆனால் வாசலில் இரண்டுக்கும் சொல்லப்படும் சாக்கு ஒன்றே: "எனக்கு ஒன்றும் இல்லை, அக்கம்பக்கத்தார் ஒப்பமாட்டார்கள்."

1917இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்த அண்ணல் அம்பேத்கர், பார்சி விடுதியிலிருந்து தடியேந்திய கும்பலால் வெளியேற்றப்பட்டார். அடைக்கலம் கேட்டபோது, வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் ஒரு நண்பர். மனைவியைக் கேட்க வேண்டும் என்றார் மற்றொருவர். கொலம்பியாவில் பயின்ற அவர் பூங்காவில் அமர்ந்து அழுதுவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார்.

சொந்த வீடுள்ள குடும்பம் நோயுற்றவரை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியும். ஒற்றை அறை வாடகை வீட்டில் வாழும் தலித் குடும்பமோ, ஒருவரின் நோய்க்காக மொத்தமாக வெளியேற நேரும். சாதியால் ஏற்கெனவே சுருங்கிய வாடகைச் சந்தையில், அடுத்த வீடு அவர்களுக்கு எளிதில் அமையாது.

வீடே சிகிச்சை

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீக்கு இரையானார்கள். அதன்பின் சங்கிலி சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆனால் நோய் தணிந்த பின்னும் போக வீடில்லாமல் மனநல மருத்துவமனைகளில் தங்கிவிடுவோர் இன்றும் உள்ளனர்.

இதற்கு மாற்று உண்டு என்பதைச் சென்னையிலேயே காணலாம். வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் தொடங்கிய 'தி பான்யன்' அமைப்பு, 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தை நடத்துகிறது. சாதாரணத் தெருவில் சாதாரண வீடொன்றை வாடகைக்கு எடுத்து, நெடுங்காலம் மருத்துவமனையிலும் காப்பகத்திலும் கழித்தவர்கள் நான்கைந்து பேரை ஒரு குடும்பம்போல் வாழவைப்பதே திட்டம். தேவையான அளவுக்கு ஊழியர் உடனிருந்து உதவுவார். கடைக்குப் போவதும், சமைப்பதும், பக்கத்து வீட்டாரோடு பேசுவதும் அங்கே மீட்சியின் பகுதிகள். வாடகைக்கு வீடு கிடைக்காவிட்டால் இத்திட்டமும் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 19, மனநோய் உள்ள எவருக்கும் சமூகத்தோடு வாழும் உரிமை உண்டு என்கிறது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் எவரையும் மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. குழு இல்லங்கள் அமைக்கும் கடமையையும் அரசுக்கு விதிக்கிறது. ஆனால் அக்கடமை வாடகை வீட்டின் வாசல்வரை வருவதில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மனநோயையும் உள்ளடக்கிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. தீண்டாமையின் பேரால் குடியிருப்பை மறுப்பது குடிமையுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955இன்படி குற்றம். எனினும் "ஆள் வந்தாச்சு" என்று பொய் சொல்லும் உரிமையாளருக்கு எதிராகக் காரணத்தை மெய்ப்பிப்பது யார்? சுமை முழுவதும் மறுக்கப்பட்டவர் மீதே விழுகிறது. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டமும் உடன்படிக்கை, வாடகை, வெளியேற்றம் பற்றிப் பேசுகிறதே அன்றி, வீடு மறுக்கப்படுவதைப் பற்றிப் பேசுவதில்லை.

செய்ய வேண்டியவை

ஏற்கெனவே குடியிருப்பவருக்கு இச்சட்டம் ஓரளவு உதவும். வாடகை நீதிமன்றத்தின் ஆணையின்றி வெளியேற்ற முடியாது. வெளியேற்றக் காரணங்களின் பட்டியலில் நோய் இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், மனநோய் உள்ளோர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரைத் தரும்.

இது போதாது. சாதி, மதம், மாற்றுத்திறன், மனநோய் ஆகியவற்றைக் காட்டி வீடு மறுப்பதை வாடகைச் சட்டமே தடைசெய்ய வேண்டும். மறுப்புக்கான காரணத்தை விளக்கும் பொறுப்பு உரிமையாளருடையதாக வேண்டும். அரசே வீடுகளை வாடகைக்கு எடுத்து மீண்டோருக்கு வழங்க வேண்டும். வீட்டுவசதித் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 விழுக்காடு ஒதுக்கீடு, சான்றிதழ் பெற்ற மனநோயாளர்களையும் சென்றடைகிறதா என்று மாவட்டந்தோறும் கணக்குக் கேட்க வேண்டும்.

வீடு மறுப்பின் வலியைத் தலைமுறைகளாக அறிந்த இயக்கத்துக்கு, இக்கோரிக்கையை முன்னெடுக்கும் பொறுப்பும் உண்டு.