வீட்டு மேசையில் ஒரு கொலை வழக்கு

ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஒரு கொலை நிகழ்ந்திருக்கிறது. வண்டி கான்ஸ்டான்டிநோபிளை அடைந்துவிட்டால் கொலையாளி தப்பிவிடக்கூடும். அதற்குள் அவரைக் கண்டறிய வேண்டியவர்கள், மேசையைச் சுற்றி அமர்ந்துள்ள உங்கள் குடும்பத்தினர் நால்வர்! ஜெர்மனியின் காஸ்மோஸ் நிறுவனம் வெளியிடும் ‘எக்ஸிட்’ விளையாட்டு வரிசையுள் ஒன்றின் கதை இது. இன்கா, மார்கஸ் பிராண்ட் தம்பதியர் உருவாக்கிய இவ்வரிசை, 2017இல் அந்நாட்டின் ‘கென்னர்ஷ்பீல்’ விருதைப் பெற்றது.

புதிரின் விடை வழக்கமாக மூன்று இலக்க எண். அதனை அட்டைச் சக்கரத்தில் பொருத்தினால், எடுக்க வேண்டிய சீட்டின் எண் தெரியும். விடை தவறென்று அச்சீட்டு சொல்லும், அல்லது விடையைச் சரிபார்க்க மற்றொரு சீட்டுக்கு அனுப்பும். வென்றால் அனைவரும் வெல்வர்.

நம் இல்லங்களில் தயக்கம் எழுமிடம் வேறு. துப்புத் துலக்கத் தாள்களை மடிக்க, வெட்ட, கிழிக்க வேண்டும். ஆகவே ஒரு பெட்டி ஒருமுறைக்கே உதவும். பரிசு சுற்றி வந்த காகிதத்தையும் பத்திரப்படுத்தும் நமக்கு இது வீண்செலவாகத் தோன்றலாம். நால்வர் திரையரங்கு சென்றுவரும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிறருக்கும் கொடுக்க விரும்புவோர் கைப்பேசிச் செயலியின் துணையோடு ஆடும் ‘அன்லாக்’ வரிசையை நாடலாம்.

ஒவ்வொரு புதிருக்கும் மூன்று உதவிச் சீட்டுகள் உண்டு. மூன்றாவது விடையையே சொல்லிவிடும். முதற்சீட்டை எடுக்கக் கூச்சம் வேண்டா. ஏற்கெனவே அறிந்ததை மட்டுமே அது கூறினால் மதிப்பெண் குறையாது. ஆங்கில உரையை ஒருவர் உரக்கப் படித்துத் தமிழில் விளக்கினால் மூத்தோரும் கலந்துகொள்வர். வெட்டுவதற்கு மட்டும் நால்வரின் இசைவும் வேண்டும். அவசரமாக வெட்டிய தாளின் பின்புறத்தில் அடுத்த புதிருக்கான துப்பு இருக்கக்கூடும்.